எங்க ஊர் அரசியல்வாதி பத்தி மலர்ல எழுதணும், "நிவாரணம் வழங்கினார்"னு போட்டா மட்டும் போருமா?

குழித்துறைப்பையன்

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு விளவங்கோடு தாலுகா. எங்க ஊர் படிப்பகத்துல வர்ற நவம்பர் 1க்கு ஒரு மலர் போடுறாங்க, நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த நாள்னு வருஷாவருஷம் கொடியேத்தி மிட்டாய் குடுக்குறதோட முடியும், இந்த தடவ கொஞ்சம் பெருசா பண்ணுவோம்னு ஆரம்பிச்சிட்டாங்க. அதுல எங்க ஊர்ல பொறந்து பஞ்சாயத்து தலைவரா ஆரம்பிச்சு அதுக்கு மேலயும் போன ஒருத்தர பத்தி நாலு பக்கம் எழுதுற வேலைய என் தலையில கட்டிட்டாங்க. அவரு இப்போ உயிரோட இல்ல. பேரும் கட்சியும் இங்க வேண்டாம், சொன்னா பேச்சு அந்த பக்கமா போயிரும்.

பிரச்சின என்னன்னா அவரு வீட்டுலேர்ந்து ஒரு பெரிய ஃபைல் குடுத்தாங்க. பூரா போட்டோவும் பேப்பர் கட்டிங்கும். சுனாமி, அரிசி வழங்கினார். ஒக்கி புயல், போர்வை வழங்கினார். கொரோனா, மளிகை வழங்கினார். எல்லா போட்டோவும் ஒண்ணு போலத்தான், நாலஞ்சு பேரு சேந்து ஒரே பாக்கெட்ட புடிச்சிட்டு கேமராவ பாக்காங்க, வாங்குற பாட்டி மட்டும் பாக்கெட்ட பாக்கு. இத அப்பிடியே எழுதுனா ஃப்ளெக்ஸ் போர்டுக்கும் மலருக்கும் என்ன வித்தியாசம்? ஆனா ஊர்ல பெரியவங்க கிட்ட கேட்டா "அவரு நல்ல மனுசம்லா, நெறைய செஞ்சாரு"ன்னு சொல்லுறாங்க, என்ன செஞ்சாருன்னு கேட்டா "எல்லாந்தான்"ங்கிறாங்க. பொய்யின்னும் தோணல, ஆனா எழுதவும் வல்ல.

ஒரு அரசியல்வாதி நிஜமாட்டு என்ன செஞ்சாருன்னு எப்பிடி கண்டுபிடிக்கிறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய_ஆர்ஐ

தம்பி, நான் ரெவின்யூல இருந்து ரிட்டயர் ஆனவன். நீரு கேட்டது நல்ல கேள்வி, ஆனா முதல்ல நிவாரணம்னா யார் கையில இருக்குன்னு புரிஞ்சுக்கணும், இல்லாட்டி எல்லாத்தையும் ஒரு ஆள் பேர்ல எழுதி வச்சிருவீரு.

வெள்ளமோ புயலோ வந்தா அரசு பைசா எம்எல்ஏ கையிலயோ எம்பி கையிலயோ வராது. வீடு இடிஞ்சா விஏஓ பாத்து எழுதணும், ஆர்ஐ சரிபாக்கணும், தாசில்தார் கையெழுத்து, அங்கேர்ந்து கலெக்டர் ஆபீஸ். பேரிடர் நிதின்னு ஒண்ணு இருக்கு, நம்ம மாதிரி மாநிலத்துக்கு மத்திய அரசு 75 பங்கு மாநிலம் 25 பங்கு, சாவுக்கு 4 லட்சம்னு அதுல ரேட்டு போட்டிருக்கும். இதுல அரசியல்வாதிக்கு நேரடியா ஒரு கையெழுத்தும் கிடையாது. அதனால "4 லட்சம் பெற்றுத் தந்தார்"னு நோட்டீஸ்ல பாத்தா நாங்க ஆபீஸ்ல சிரிப்போம், அது சட்டப்படி வரவேண்டியது ஓய்.

அப்போ அவரு எங்க வேலை செய்ய முடியும்? விடுபட்ட பேர சேக்குறதுல. லிஸ்ட் போடும்போது வாடகை வீட்டுக்காரன் பேரு விடுபடும், புறம்போக்குல குடிசை போட்டவன் பேரு விடுபடும், ரேஷன் கார்டு வேற ஊர்ல இருக்கவன் பேரு விடுபடும். இந்த ஆளுவளுக்காக தாசில்தார் ரூம்ல வந்து உக்காந்து "இது என்னாச்சு சார்"னு மறுபடியும் மறுபடியும் கேக்குறவன் தான் வேலை செய்றவன். என் சர்வீஸ்ல அப்பிடி வந்தவங்க எல்லா கட்சியிலயும் உண்டு, ரொம்ப பேரு இல்ல. அவங்கள ஒருத்தரும் போட்டோ எடுத்தது கிடையாது, எங்களுக்கே அவங்கள கண்டா கொஞ்சம் எரிச்சல்தான், உண்மைய சொல்லணும்லா.

இன்னொன்னு தொகுதி நிதி. எம்பிக்கு வருஷம் 5 கோடி, நம்ம எம்எல்ஏவுக்கு 3 கோடி. எம்பி நினைச்சா கடும் பேரிடர்னு அறிவிச்ச எடத்துக்கு நாட்டுல எங்க வேணும்னாலும் 1 கோடி வரை பரிந்துரை பண்ணலாம். பரிந்துரைதான், செலவு பண்றது மாவட்ட நிர்வாகம். 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்காக எம்பி நிதியவே நிறுத்தி வச்சாங்க, அதனால அந்த நேரத்துல எம்பிமாரு குடுத்த மளிகை பை எல்லாம் சொந்த பைசா, இல்லன்னா கட்சி பைசா, இல்லன்னா யாரோ நன்கொடை. உம்ம ஆள் எந்த வகைன்னு கேட்டு எழுதும். சொந்த பைசான்னா அது தர்மம், நல்ல விஷயம்தான், ஆனா பொது வாழ்க்கை பணியின்னு எழுத வேண்டியது வேற.


சவத்த_விடு

எல்லாம் விளம்பரம் மக்கா. ஒக்கிக்கு யாரு நின்னாங்கன்னு கடற்கரையில போயி கேளு, பங்குத்தந்தையும் ஊர் கமிட்டியும்னு சொல்லுவாங்க. அரசியல்வாதிக்கு நாலு பக்கம் எதுக்கு, நாலு வரி போரும்.


தூத்தூர்_கரை

மேல சொன்னவருக்கு பாதி சரி. ஒக்கின்னு எழுதுறவங்க முக்காவாசி பேரு போர்வை, அரிசி, பிரெட்டுன்னு எழுதுறத பாத்தா எனக்கு கோவம்தான் வரும். எங்களுக்கு போர்வை எதுக்கு? 2017 நவம்பர் 29 ராத்திரி, 30 காலையிலன்னு காத்து அடிச்சப்போ எங்க ஆளுவ கரையில இல்ல. நீரோடியிலேர்ந்து இரயுமன்துறை வரைக்கும் எங்க ஊருவள்ள இருக்கவங்க ஆழ்கடல் தொழில், போனா வாரக்கணக்குல கடல்லதான், புயல்னு இங்க அறிவிக்கும்போது அவங்க எங்கயோ தூரத்துல இருக்காங்க, வயர்லெஸ் செட்டுக்கு எட்டாது. வீட்டுல ஒரு ஓடு கூட பறக்காம புருஷனும் பிள்ளையும் போன வீடு எத்தன தெரியுமா. அந்த வீட்டுக்கு கொண்டு வந்து அஞ்சு கிலோ அரிசிய குடுத்து போட்டோ எடுத்தா எப்பிடி இருக்கும்.

எங்களுக்கு தேவப்பட்டது ரெண்டு. ஒண்ணு தேடுங்க, தூரமா போயி தேடுங்க. சில படகு காத்துல அடிச்சு மகாராஷ்டிரா தேவ்கட் வரை போயி ஒதுங்கிச்சு, லட்சத்தீவுல ஒதுங்கினவங்க உண்டு, அப்போ உயிரோட மிதக்கிறவங்களும் இருப்பாங்கன்னு தானே அர்த்தம். ரெண்டாவது, எத்தன பேர காணல்லங்கிற கணக்கு. ஒவ்வொரு சர்ச் பங்குலயும் வீடு வீடா எழுதுன லிஸ்ட் ஒண்ணு, அரசு சொன்ன எண்ணிக்கை வேற ஒண்ணு. இத ஒத்துக்கிட வைக்கத்தான் டிசம்பர் 7ஆம் தேதி எல்லாரும் நடந்து போயி குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல இருந்தது, கைப்பிள்ளைய இடுப்புல வச்ச பொம்பளைங்க வரை ராத்திரி பூரா அங்கதான். அதுக்கப்புறந்தான் முதலமைச்சரே எங்க பக்கம் வந்தாரு. நிவாரணம் மொதல்ல 10 லட்சம்னு இருந்தது, கேரளாவுல 20 லட்சம்னு சொன்ன பிறகு இங்கயும் 20 ஆச்சு.

அப்புறம் வந்ததுதான் பெரிய பாடு. உடல் கிட்டல. உடல் இல்லாம இறப்பு சர்டிபிகேட் கிடையாது, ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாம இருந்தாத்தான் செத்ததா எடுத்துக்குவோம்னு அப்போ இருந்த சாட்சியச் சட்டத்துல 108ஆம் பிரிவு. ஏழு வருஷம் படகு லோனுக்கு வட்டி யாரு கெட்டுறது, பேங்க்ல இருக்க பைசாவ யாரு எடுக்கிறது? சுனாமிக்கு தளர்த்துன மாதிரி இதுக்கும் தளர்த்தணும்னு கேட்டுக் கேட்டுத்தான் நடந்தது. இந்த இடத்துல எந்த அரசியல்வாதி எந்த கூட்டத்துல பேசினாரு, எந்த கடுதாசி எழுதினாரு, அத தேடு. உங்க ஆளு அதுல ஒரு கடுதாசி எழுதியிருந்தாலும் போர்வை போட்டோவ தூக்கி போட்டுட்டு அந்த கடுதாசிய முழுசா அச்சடி. எழுதலன்னா ஒக்கிய பத்தி ஒண்ணும் எழுதாத, அதுவும் மரியாததான்.

சவத்த விடு அண்ணே, ஃபாதர்மாரு நின்னது உண்மை, நான் கண்ணால கண்டேன். ஆனா ஃபாதரால அரசாணை போட முடியாது. அதுக்கு கோட்டையில பேச ஆள் வேணும்.


சவத்த_விடு

அது சரிதான். ஆனா பேசின ஆளுவ கம்மி.


நாஞ்சில்_பாட்டா

எனக்க வயசுக்கு இதுல எல்லாம் டைப் பண்ண பேரன் தான் துணை, தப்பு இருந்தா அவனுக்க தப்பு.

மக்களே, நவம்பர் 1 மலருன்னு சொன்னீரு, அப்போ நம்ம பக்கம் திருவாங்கூர் கொச்சியில இருந்தப்போ தமிழ்நாட்டோட சேக்கணும்னு போராடின நேசமணிய தொடாம எழுத முடியாது. அவரு பொறந்தது உங்க பக்கம் பள்ளியாடி. வக்கீலா நாகர்கோவில் கோர்ட்டுக்கு வந்தப்போ ஒரு சாதிக்கு நாற்காலி இன்னொரு சாதிக்கு முக்காலின்னு போட்டிருந்தத காலால எத்தி தள்ளினாருன்னு எங்கப்பா சொல்லுவாரு, எல்லாரும் சொல்லுற கதைதான். ஆனா அதவிட எனக்கு பெருசா தெரியுறது 1954. அந்த வருஷம் தேவிகுளம் பக்கம் போயி தடையை மீறி கைதானாரு. ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டு நம்ம ஆளுவ செத்தாங்க. அப்போ திருவாங்கூர் கொச்சியில பட்டம் தாணுபிள்ளை மந்திரிசபை. சுட்டது தப்பு, ராஜினாமா பண்ணுன்னு தாணுபிள்ளைக்க சொந்த கட்சியில பொதுச்செயலாளரா இருந்த லோகியாவே சொன்னாரு, இந்த காலத்துல சொந்த கட்சிக்காரன அப்பிடி ஒருத்தன் கேப்பானா? அடுத்த வருஷம் காங்கிரஸ் ஆதரவ எடுத்ததும் அந்த மந்திரிசபை கவுந்தது. 1956 நவம்பர் 1 தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் இங்க வந்தது. தேவிகுளம் பீர்மேடு கிட்டல, அந்த வருத்தம் அவருக்கு கடைசி வரை உண்டு.

இதுல நீரு கவனிக்க வேண்டியது, நேசமணி அரிசி குடுத்த போட்டோ ஒண்ணும் நான் பாத்ததில்ல. ஆனா அவருக்க பேரு பஸ்ஸுல எழுதியிருந்தது, நேசமணி போக்குவரத்துக் கழகம்னு, கொறச்சு வருஷம் முன்ன வரை நாங்க "நேசமணி வந்தாச்சா"ன்னு தான் கேப்போம். 1968ல அவரு எம்பியா இருக்கும்போதே மரிச்சாரு, அந்த காலி எடத்துக்குத்தான் 1969ல காமராஜர் இங்க வந்து நின்னது. விருதுநகர்ல தோத்துப்போன மனுசனுக்கு நம்ம ஊரு ஒரு லட்சத்துக்கு மேல வித்தியாசம் குடுத்துச்சு. ஏன் குடுத்தாங்க? மாத்தூர் தொட்டிப்பாலத்த போயி பாரும். அவரு முதல்வரா இருந்த காலத்து திட்டம், 1966ல முடிஞ்சது, பறளியாத்துக்கு மேல பட்டணங்கால் வாய்க்கால் வெள்ளத்த, தண்ணியத்தான் சொல்லுறேன், தூக்கிட்டு வந்து விளவங்கோட்டு பக்கம் விடுது. வெள்ளம் வந்த பறம்புல நின்னவன் ஓட்டு போட்டான், அவ்வளவுதான் கணக்கு.

டென்னிஸ் இங்கேர்ந்து ஆறு தடவ எம்பி, 1980லேர்ந்து தொடர்ச்சியா. குமரி அனந்தன் 1977ல எம்பி, அப்புறம் பனைக்காரனுக்காக ஊர் ஊரா நடந்தாரு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வகை. உம்ம ஆளுக்கும் ஒரு வகை இருந்திருக்கும், அத கண்டுபிடியும். பஞ்சாயத்து தலைவரா ஆரம்பிச்ச ஆளுன்னா பெரும்பாலும் ரோடு, கொளம், தெருலைட்டுதான். அதுல கொளம் எழுதும், அது தான் நிக்கும்.


குளச்சல்_மருமக

அண்ணன்மாரே எல்லாரும் ஆம்பளைங்க கிட்டேயே கேக்க சொல்லுறீங்க. பொம்பளைங்க கிட்ட கேளுங்க.

நான் கெட்டிக்கிட்டு வந்த ஊரு கொட்டில்பாடு பக்கம். 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழம காலையில வந்த தண்ணி எங்க பக்கத்துல கொன்னதுல பாதி கடல் தண்ணி, பாதி ஏவிஎம் கால்வாய். கடலுக்கு பயந்து ஓடினவங்களுக்கு பின்னால கால்வாய், தாண்ட முடியல. மணக்குடி பாலம் துண்டாகி தூரமா போயி கெடந்தது எல்லாருக்கும் தெரியும், கால்வாய் கதை தெரியுமா? யாராவது அதுக்கு முன்னாடியே இங்க ஒரு நடைபாலம் வேணும்னு கேட்டிருந்தா அவரு பேர நான் பூச போட்டு வைப்பேன்.

அப்புறம் வீடு. சுனாமி வீடு கெட்டி குடுத்தப்போ பட்டா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு பேர்லயும் போடணும்னு அரசு சொல்லிச்சு. நல்ல விஷயம். ஆனா விதவையானவங்க, புருஷன் விட்டுட்டு போனவங்க, மாமியார் வீட்டுல கூட்டுக்குடும்பமா இருந்தவங்க, இவங்க பேரு எந்த லிஸ்ட்ல வரும்? எங்க பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு பிள்ளைய வச்சிட்டு கையில ஒரு மஞ்ச பை, அதுக்குள்ள ரேஷன் கார்டு, கல்யாண சர்டிபிகேட்டு ஜெராக்ஸ், நனைஞ்சு காஞ்சு மொறுமொறுன்னு ஆன ஒரு பேங்க் புக்கு, இத தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாங்க. ஒரு உள்ளூர் கவுன்சிலர், பேரு சொல்ல வேண்டாம், ஒரு நாள் கூட போயி அந்த பைய அவரே மேசையில கொட்டி ஒண்ணொண்ணா எடுத்து காட்டுனாரு. இத எந்த பேப்பரும் எழுதல. அந்த மனுசன் அடுத்த எலக்சன்ல தோத்துட்டாரு, அது வேற விஷயம்.

உங்க ஆளு கூட மஞ்ச பையோட யாரு போனாங்கன்னு கேளுங்க. அந்த பொம்பளைங்க இப்பவும் இருப்பாங்க, தேதி கூட சொல்லுவாங்க.


குலசேகரம்_ரப்பர்

கடற்கரை கதை எல்லாம் சரிதான், ஒக்கியில மலைப்பக்கமும் அழிஞ்சது, அத ஒருத்தரும் எழுதுறதில்ல. ரப்பர் மரம் ஒரே ராத்திரியில நடுவுல ஒடிஞ்சு கெடக்கு. ரப்பர் வச்சா பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும், இன்னைக்கு நட்டா ஏழு வருஷத்துக்கு வருமானம் கிடையாது. தேசிய விதியில அப்போ நிரந்தர பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000, அதுவும் ரெண்டு ஹெக்டேர் வரைக்குந்தான், 33 சதவீதத்துக்கு மேல அழிஞ்சிருக்கணும். விழுந்த மரத்த வெட்டி லாரி ஏத்துற கூலிக்கே அது காணாது.

வாழை இன்னும் மோசம். எனக்க மச்சினன் பாட்டத்துக்கு நெலம் எடுத்து செவ்வாழை வச்சிருந்தான், குலை தள்ளுற நேரம். அடங்கல்ல பேரு நெலத்து சொந்தக்காரனுக்கு, அவரு வெளிநாட்டுல. ஆபீஸ்ல கேட்டா பட்டா யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். கடன் வாங்குனது இவன், வாழை இவன்து, பைசா அவருக்கு. மச்சினன் ஏதோ கேட்டு பாதி வாங்கிட்டான், அந்த சொந்தக்காரர் நல்லவரு. எல்லாரும் அப்பிடி இருப்பாங்களா? பாட்டக்காரனுக்காக பேசின அரசியல்வாதிய எனக்கு காட்டுங்க, நானே மலருக்கு விளம்பரம் தாறேன்.


குழித்துறைப்பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத்தன பேரு எழுதுவீங்கன்னு நினைக்கல.

நேத்து ஃபைல மறுபடியும் பொரட்டினேன். கட்டிங்குக்கு அடியில ஒரு நோட்டு இருந்தது, கோடு போட்ட பழைய அரைக்குயர் நோட்டு. அதுல பேரு, ஊரு, என்ன விஷயம், எந்த ஆபீஸ், அதுக்கு பக்கத்துல சின்னதா ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. முதியோர் பென்சன், பட்டா மாறுதல், ஜாதி சர்டிபிகேட், கரண்டு கனெக்சன்னு போகுது. சுனாமி சமயத்துல சில பக்கம் பூரா கீழமணக்குடி பக்கத்து பேருவ. நிறைய பெருக்கல் குறி. வீட்டுக்காரங்களுக்கு அது என்னன்னே தெரியல, "அது அப்பா கணக்கு நோட்டு"ன்னு சொன்னாங்க.

இத எழுதலாமா? அதுல இருக்கவங்க பேரு போட்டா தப்பாயிருமோன்னு ஒரு யோசன. அப்புறம் பெருக்கல் குறி நிறைய இருக்கது எழுதினா வீட்டுக்காரங்க கோவிப்பாங்களோ.


குளச்சல்_மருமக

பேரு போடாதீங்க தம்பி, எந்த ஊருன்னு மட்டும் போடுங்க. பென்சனுக்கு எழுதிக் குடுத்தது ஒரு விதவைக்கு ஊர்ல சொல்ல பிடிக்காம இருக்கும். டிக் போட்டதுல ரெண்டு மூணு பேர நேர்ல பாருங்க, அவங்க சம்மதிச்சா அவங்க வாயால எழுதுங்க. பெருக்கல் போட்டதுலயும் ஒருத்தர பாருங்க. நடக்காம போன வேலைக்கும் அவரு வந்தாருன்னு அவங்க சொன்னா அத விட பெரிய சர்டிபிகேட் கிடையாது.


சவத்த_விடு

சரி மக்கா, நாலு பக்கம் எழுது.


தூத்தூர்_கரை

பெருக்கல் குறிய கண்டிப்பா எழுது. டிக் மட்டும் எழுதினா மறுபடியும் ஃப்ளெக்ஸ் தான். வீட்டுல கோவிச்சா அச்சுக்கு முன்னாடி படிச்சு காட்டு, அப்பா எவ்வளவு அலைஞ்சாருன்னு அவங்களுக்கே அப்பத்தான் தெரியும்.


பழைய_ஆர்ஐ

நோட்டு கிட்டுனது உம்ம அதிர்ஷ்டம். இப்போ வேலைய சொல்லுறேன். அவரு பதவியில இருந்த வருஷங்கள்ல தொகுதி நிதியில என்னென்ன வேலை பரிந்துரை பண்ணினாரு, எது முடிஞ்சது, எது நிக்குன்னு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமை மனு போடும். வெள்ளத்தாள்ல எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போரும். "அவரு செய்த பணிகள் அனைத்தும்"னு மொட்டையா கேக்காதீரு, அப்பிடி கேட்டா மொட்டையாத்தான் பதில் வரும். வருஷம் போட்டு, பஞ்சாயத்து பேரு போட்டு, வேலை பேரு, மதிப்பீடு, முடிஞ்ச தேதின்னு தனித்தனியா கேளும். பஞ்சாயத்து தலைவரா இருந்த காலத்துக்கு பஞ்சாயத்து ஆபீஸ்ல தீர்மான புஸ்தகம் இருக்கும், கரையான் அரிக்காம இருந்தா. சட்டப்படி 30 நாள்ல பதில் தரணும், தராம அப்பீல் போக வேண்டி வந்தா இன்னும் இழுக்கும், அச்சடிக்கிற ஆளுக்கும் ரெண்டு வாரம் வேணும். நவம்பர் 1க்குள்ள வேணும்னா இன்னைக்கே ஸ்பீட் போஸ்ட்ல போட்டிரும், ரசீத பத்திரமா வச்சுக்கிடும்.